நின்று போன பழைய பவர் டில்லரை மறுபடி ஓட வைப்பது எப்படி?

கொட்டகையில் ஐந்தாறு வருஷம் சும்மா நின்ற டில்லர், நின்றதால் கெடுவது கொஞ்சம்தான். வெளியே எடுத்த அன்றே அவசரப்பட்டு ஹேண்டில் போடுவதால் கெடுவதே அதிகம். பிஸ்டன் ரிங் லைனரோடு (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) ஒட்டியிருக்கும், டாங்கின் அடியில் தண்ணீர் நிற்கும், ஏர் கிளீனருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். இது எதையும் பார்க்காமல் டீசலை ஊற்றி நான்கு பேர் மாறி மாறிச் சுற்றினால், சின்னச் செலவில் முடிய வேண்டிய வேலை கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் போய்விடும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

கொங்குப் பக்கம் கிடைக்கும் பழைய டில்லர்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, மிட்சுபிஷி கூட்டில் பெங்களூரிலிருந்து வந்த வி.எஸ்.டி. சக்தி. இன்னொன்று, குபோட்டா கூட்டில் கேரளத்து அத்தாணியிலிருந்து வந்த கேம்கோ. சக்தி 130 டி.ஐ. 13 குதிரைத்திறன், போர் (சிலிண்டர் விட்டம்) 95, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 95 மில்லிமீட்டர், 673 சி.சி. கேம்கோவின் கே.எம்.பி. 200 வண்டி 12 குதிரைத்திறன். இரண்டுமே ஒற்றை சிலிண்டர் படுக்கை எஞ்சின். பெல்ட் வழியாக கியர் பெட்டிக்குச் சக்தி போகும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் சத்தியமங்கலத்து வாழைத் தோட்டத்திலும் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாத மூலையில் இந்த வண்டி இன்னும் வேலை செய்யும். இரும்பும் வார்ப்பும் கெட்டி. காப்பாற்றத் தகுந்த வண்டி என்று மனதார நம்புகிறோம்.

வாங்கும் முன்னால்

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். எஞ்சின் பாடியில் கிராக் இருக்கிறதா, ஏற்கெனவே வெல்டு வைத்திருக்கிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்துக் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அது கிராக். ஃப்ளைவீலை இரண்டு கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். டக் டக் என்று ஆடினால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. கியர் லிவர் எல்லா கியரிலும் விழ வேண்டும். எஞ்சின் பாடியோ கியர் பெட்டியோ உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை.

எஞ்சின் நம்பர் தகட்டை எமரி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உதிரி பாகம் கேட்கும்போது கடையில் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.

ஆயிலே பாதி கதை சொல்லும்

வண்டியைச் சமதளத்தில் ஒரு ராத்திரி அசைக்காமல் நிறுத்துங்கள். காலையில் எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல், கசியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் இறங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீர் என்றால் லைனரின் அடி ரப்பர் ரிங் போயிருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆயில் முழுக்க மோர் நிறத்தில் வந்தால், தண்ணீர் கலந்த பிறகும் எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கனெக்டிங் ராடு பேரிங்கையும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். சுத்தமான கறுப்பு ஆயில் வந்தால் நிம்மதி. வடித்த ஆயிலைக் காந்தம் வைத்துக் கிளறுங்கள். மாவு மாதிரி ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். சீவல் சீவலாக வந்தால் ஏதோ ஒன்று உடைந்துகொண்டிருக்கிறது.

கியர் பெட்டிக்கும் இதே முறைதான். சேற்று உழவு ஓட்டிய வண்டியில் ஆக்ஸில் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கும். கோபிப் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் ஓடிய டில்லர் என்றால் கேட்கவே வேண்டாம், திறந்து பாருங்கள்.

பிஸ்டன் ஒட்டியிருந்தால்

டிகம்ப்ரஷன் லிவரை (வால்வைத் திறந்து சிலிண்டர் அழுத்தத்தை விடும் லிவர்) அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். நகரவே இல்லையென்றால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. இந்த நேரத்தில் பலர் செய்வது, கியரில் போட்டு டிராக்டரில் கட்டி இழுப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். ஒட்டிய பிஸ்டன் விடாது. கனெக்டிங் ராடு வளையும், அல்லது கியர் பல் உடையும்.

இது படுக்கை எஞ்சின் என்பதை நினைவில் வையுங்கள். நாசில் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் முனை) ஓட்டை வழியாக டீசல் ஊற்றினால் அது சிலிண்டரின் கீழ்ப்பக்கத்தில் மட்டும்தான் நிற்கும். மேல்பக்க ரிங்குக்குப் போகாது. பத்து நாள் ஊறவைத்தும் விடவில்லை என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். சரியான வழி இது: ஆயில், டீசல், தண்ணீர் மூன்றையும் வடித்துவிட்டு டாங்கைக் கழற்றுங்கள். ஹெட்டைக் கழற்றுங்கள். எஞ்சினைச் சேஸியிலிருந்து இறக்கி, ஹெட் இருந்த முகம் மேலே பார்க்கும்படி மரக்கட்டைகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். கனமான சாமான், செயின் பிளாக் இல்லாமல் முயற்சி வேண்டாம். இப்போது பிஸ்டன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூன்று நாள் முதல் ஒரு வாரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் நல்ல சேதி, ரிங்குக்குள் இறங்குகிறது. மறுபடி ஊற்றுங்கள்.

பிறகு லைனர் விட்டத்தைவிட அரை அங்குலம் குறைவாக ஒரு மரக்கட்டையை உருட்டிச் செதுக்கி, பிஸ்டன் மேல் நேராக வைத்து மரச் சுத்தியலால் தட்டுங்கள். பலம் வேண்டாம், சீரான தட்டு போதும். ஒரு நூல் அளவு நகர்ந்ததும் ஃப்ளைவீலில் இரும்புப் பாரை வைத்து எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் விடுவிக்க வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் துருத் துகள் ரிங்கில் மாட்டி லைனரைக் கீறும்.

வெளியே வந்த பிஸ்டனில் ரிங்குகள் பள்ளத்துக்குள் சுழல வேண்டும். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து விடுவித்து, உடைந்த பழைய ரிங் துண்டால் பள்ளத்துக் கரியைச் சுரண்டுங்கள். புது ரிங்கை லைனரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 95 மில்லிமீட்டர் போருக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.45 மில்லிமீட்டர் சரி. குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து இரு முனையும் முட்டி உடையும். பழைய ரிங்கில் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். லைனரின் மேல் விளிம்பில் விரல் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால், ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவு. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கோயம்புத்தூர், ஈரோடு லேத் பட்டறைகளில் போர் கேஜ் வைத்து அளந்து சொல்வார்கள். அளக்காமல் கண்ணால் பார்த்து ‘ஓடும்’ என்று சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

புது லைனர் இறக்கும்போது அடி ரப்பர் ரிங்குகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், முறுக்கிக்கொள்ளாமல் இறங்கும். இறக்கிய பிறகு ஆயில் ஊற்றும் முன்னாலேயே ஹாப்பரில் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி) தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, அடியில் சொட்டுகிறதா பாருங்கள். இந்த ஒரு ராத்திரிப் பொறுமை மறுபடி எல்லாவற்றையும் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

ஹெட் போல்ட்டுகளைக் குறுக்குக்குறுக்காக, மூன்று சுற்றாக முடுக்குங்கள். 20 மணி நேரம் ஓடிய பிறகு, ஆறிய எஞ்சினில் இன்னொரு முறை முடுக்குங்கள். டேப்பெட் (வால்வு) இடைவெளியை இரண்டு முறையும் முடுக்கிய பிறகு வையுங்கள். ஹெட் இறங்கினால் அதுவும் மாறும்.

உப்புத் தண்ணீர்

நம்ம ஊர் எஞ்சின்களைத் தின்பது வேலையைவிடத் தண்ணீர்தான். போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஹாப்பரில் ஊற்றுவோம். அது கொதித்து ஆவியாகப் போகும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். பத்து வருஷத்தில் லைனரைச் சுற்றி முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளைப் படிவம் பிடித்துவிடும். அதற்குமேல் ஹாப்பர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் லைனர் சூடாகி பிஸ்டன் பிடிக்கும்.

படிவத்தை எடுக்க மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஹாப்பரை நிரப்புங்கள், நுரை பொங்கும். பொங்குவது நின்றதும் வடித்து, புதுசாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று தடவையில் இரும்பு தெரியும். கடைசியில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்ட தண்ணீரால் ஒரு அலசு, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு அலசு. ரேடியேட்டர் வைத்த வண்டியில் கரைசலை அரை மணிக்குமேல் வைக்காதீர்கள். மெல்லிய குழாயில் ஏற்கெனவே அரித்த இடம் ஓட்டையாகும். கழிவறை ஆசிட் ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது படிவத்தோடு இரும்பையும் சேர்த்துத் தின்னும்.

இனிமேல் மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுங்கள். ஹாப்பர் எஞ்சினில் தண்ணீர் கொதிப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். மிதவையின் சிவப்புக் குண்டு இறங்கும்போது ஊற்றினால் போதும். முழுக்க வற்றிச் சூடேறிய எஞ்சினில் மட்டும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஹெட் கிராக் விடும். நிறுத்தி, தானாக ஆறட்டும்.

டீசல் பாதை

டாங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் அரை லிட்டர் டீசலும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்த பிசினும் துருவும் கலங்கி வரும். வடித்து, சுத்தமான டீசலில் அலசி, நட்டுகளை எண்ணி எடுங்கள். ஃபில்டரும் ரப்பர் குழாயும் புதுசு போடுங்கள். இந்த இரண்டிலும் சிக்கனம் கூடாது.

நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து, பிரஷர் பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே நாசில் அடிப்பதைச் சோதிக்கிறேன் என்று கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. நாசிலின் செம்பு வாஷர் புதுசு கிடைக்காவிட்டால், பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகி மறுபடி அழுந்தும்.

பம்பு ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) விரலால் நகர்த்திப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். பழைய டீசல் காய்ந்து பிசினாகி ராக் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் பறக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து விடுவித்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

டீசல் பாதையில் சிக்கிய ஏர் எடுப்பது ஃபில்டரில் தொடங்கி நாசிலில் முடிய வேண்டும். முதலில் ஃபில்டர் மேல் ஸ்குரூ, அடுத்து பம்பு ஸ்குரூ, கடைசியில் நாசில் நட். ஒவ்வொன்றிலும் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை பொறுங்கள்.

முதல் ஸ்டார்ட்

புது ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோடுவரை. டீசல் மூடியிருக்கட்டும். டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முப்பது நாற்பது சுற்று சுற்றுங்கள். ஆயில் சிக்னல் உள்ள எஞ்சினில் அது மேலே எழும்பும்வரை விடாதீர்கள். வறண்ட பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் சாட்சி.

கியர் நியூட்ரலில், மெயின் கிளட்ச் ஆஃபில். ஏர் கிளீனரைக் கழற்றிவைத்து, காற்று போகும் வாயை மூடுகிற அளவில் ஒரு தட்டைப் பலகையை இன்னொரு ஆளிடம் கொடுங்கள். எஞ்சின் பறந்தால் டீசலை மூடினாலும் குழாயில் உள்ளது தீரும்வரை ஓடும். காற்றை அடைத்தால் சில நொடியில் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது. ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்கள் பக்கமே இருக்க வேண்டும். எஞ்சின் பின்னால் உதைத்தால் ஹேண்டில் கையைவிட்டு நழுவிப் போகும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் விரல் போகும்.

இதெல்லாம் தயாரானதும் டீசலைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டார்ட் ஆனதும் உடனே ரேஸ் பண்ணாதீர்கள். பத்து நிமிஷம் மெதுவாக ஓடட்டும். வெள்ளைப் புகை சூடானதும் குறைய வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பாருங்கள். பாரமில்லாமலே கறுப்புப் புகை என்றால் நாசில் அல்லது காற்று அடைப்பு. புது ரிங் போட்டிருந்தால் முதல் 20 மணி நேரம் அரைப் பாரம்தான். அதன் முடிவில் ஆயிலை மாற்றுங்கள். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை.

பெல்ட், கிளட்ச்

பெல்ட் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது தவறு. பழையது நீண்டிருக்கும், புதுசு மட்டும் பாரம் இழுத்துச் சீக்கிரம் அறும். எல்லாவற்றையும் ஒரே கம்பெனி, ஒரே நம்பரில் மாற்றுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கணும். பெல்ட்டின் அடி புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. தொட்டு அந்த இடம் கண்ணாடி மாதிரி மின்னினால் புல்லி தேய்ந்துவிட்டது; எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

ஸ்டியரிங் கிளட்ச் ஒயர்களை மண்ணெண்ணெயில் ஓட்டிச் சுத்தம் செய்து, சொட்டு ஆயில் விடுங்கள். ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: இறக்கத்தில் ஸ்டியரிங் கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும். சமதளத்தில் இடது லிவரைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின்தான் வண்டியைத் தடுத்துப் பிடிக்கிறது. இடது லிவரைப் பிடித்ததும் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் போகும். வாய்க்கால் கரையில் டில்லர் கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான். இறக்கத்தில் லிவரைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

ரோட்டரி

ரோட்டரியில் (பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் பகுதி) முதலில் போவது ஆயில் சீல். அதைக் கெடுப்பது நார். தென்னந்தோப்பில் மட்டைநார், வாழையில் பட்டைநார், எல்லாத் தோட்டத்திலும் கிழிந்த சொட்டுநீர்க் குழாய். இவை ஷாஃப்ட்டில் சுற்றி, இறுகி, சூடாகி, சீலின் உதட்டை வெட்டும். சீல் போனால் ஆயில் வெளியே, மண் உள்ளே. அடுத்து பேரிங், அதற்கடுத்து செயின். தினமும் ஓட்டி முடித்ததும், எஞ்சினை நிறுத்திவிட்டு, கத்தியால் ஷாஃப்ட் முனையில் சுற்றியதை அறுத்தெடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பேரிங், சீல் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். பேரிங் வளையத்தில் நம்பர் பொறித்திருக்கும். 6206 என்றால் உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, கனம் 16 மில்லிமீட்டர். சீலிலும் அதே வரிசையில் மூன்று எண்கள். இந்த எண் இருந்தால் டில்லர் கடையே தேவையில்லை, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். புது சீல் போடும் முன் ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால், உதடு தேயாத இடத்தில் படும்.

டைன்களில் (மண்ணை வெட்டும் ரோட்டரிக் கத்திகள்) இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் எண் போட்டு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மாற்றி மாட்டினால் மண் ஒரு பக்கம் குவியும், வண்டி இழுத்துக்கொண்டு போகும். கூர் உள்ள விளிம்புதான் முதலில் மண்ணில் இறங்க வேண்டும். காங்கயம் பக்கத்துச் சரளை மண்ணில் டைன் வேகமாகத் தேயும். புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். பட்டறையில் பட்டை வைத்து வெல்டு செய்வது அவசரத்துக்கு ஆகும். ஆனால் வெல்டு சூட்டில் எஃகின் பதம் போய்விடும், எடையும் ஒன்றுக்கொன்று மாறும். ரோட்டரி நடுங்கி பேரிங்கைத் தின்னும். போல்ட் தலையில் 8.8 அல்லது அதற்குமேல் எண் இருக்கணும். எண்ணில்லாத போல்ட் டைனோடு பறக்கும்.

மற்றவை

இரும்புச் சக்கரத்தில் வெல்டு விட்ட இடங்களைப் பாருங்கள். சேற்றைக் கழுவி, பழைய ஆயில் பூசி மாட்டிவையுங்கள். பார் போடும் கலப்பையின் கொழுமுனை தேய்ந்தால் வண்டி மேலெழும்பி ஓடும். டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இரும்புப் பின் தேயாமலிருக்கணும், லாக் பின் கட்டாயம், பிரேக் பிடிக்கணும். பிரேக் இல்லாத டிரெய்லரில் மஞ்சள் மூட்டை ஏற்றாதீர்கள்.

துருப்பிடித்த சின்ன இரும்புச் சாமான்களுக்குக் கரண்ட் முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு 15 கிராம் சலவை சோடா கரைத்து, சாமானை 12 வோல்ட் சார்ஜரின் மைனஸிலும், ஒரு வேண்டாத இரும்புத் தகட்டைப் பிளஸிலும் கட்டி, இரண்டும் தொடாமல் மூழ்கவிடுங்கள். ஒரு ராத்திரியில் துரு கறுத்து உதிரும். எவர்சில்வர் தகடு போடாதீர்கள். விஷமான குரோமியம் கரையும். அலுமினியச் சாமானை இதில் போடக் கூடாது. கிளம்பும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் திறந்தவெளியில் வையுங்கள். எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து அன்றே பிரைமர் அடியுங்கள். பெயிண்ட் எல்லா வேலையும் முடிந்து, 20 மணி நேரம் ஓடி, ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு.

ஓரங்கட்டும்போது

ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழுவி, கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். செம்மண் புழுதி பறக்கும் சித்திரை, வைகாசியில் இதைத் தினமும் பார்க்க வேண்டும்; ரிங் தேய்வதில் பெரும்பங்கு இந்தப் புழுதிக்குத்தான். இரண்டு மாசத்துக்குமேல் நிற்கப் போகிறது என்றால் ஹாப்பர் தண்ணீரை முழுக்க வடித்து, டாங்கை டீசலால் விளிம்பு வரை நிரப்புங்கள். வெற்றிடம் இருந்தால் ராத்திரிப் பனியில் உள்ளே தண்ணீர் கோர்க்கும். பெல்ட்டைத் தளர்த்துங்கள். ரோட்டரியைக் கட்டை மேல் தூக்கிவையுங்கள். கடைசியாக, ஹேண்டிலை மெல்லச் சுற்றி, கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும்; ஈரக்காற்றும் குளவியும் சிலிண்டருக்குள் போக வழியிருக்காது.